நாலரை மணிக்கு அணையும் விளக்கு

இந்த ஊரில் பிளக் பாயிண்டுக்கு ஸ்விட்ச் கிடையாது. சுவரில் வட்டமாக ஒரு பள்ளம், அதில் இரண்டு ஓட்டை, அவ்வளவுதான். வயரைச் செருகினால் கரண்ட் வரும், பிடுங்கினால் போகும். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு நான் வந்து பத்து வருஷம் ஆகிறது. ஜெர்மன் மொழியில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் என்று தெரிந்துகொண்டுவிட்டேன். ஆனால் கெட்டிலைச் செருகியதும் என் ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் தானாகப் போய்ச் சுவரைத் தடவுகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் அசடு வழிந்துகொண்டு திரும்பி வருகிறது. ஆவடிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். நம் வீடுகளில் ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு ஸ்விட்ச் உண்டு. ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் "இத்த எவன் போட்டு வெச்சது" என்று கேட்க ஓர் அப்பா உண்டு.

எங்கள் அப்பா அதில் கொஞ்சம் அதிகம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கடைசியாக வெளியே வருகிற ஆள் மெயின் ஸ்விட்ச்சை இறக்கிவிட்டு ஷட்டரைச் சாத்த வேண்டும். அந்தக் கடைசி ஆள் எப்போதும் அப்பாதான். ரயிலில் ஆவடி, அங்கிருந்து பஸ்ஸில் முத்தாபுதுப்பேட்டை என்று வீடு வந்து சேர்ந்த பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஜெபமாலை முடிந்ததும் எழுந்து ரவுண்ட்ஸ் கிளம்புவார். ஹால் லைட், ஃபேன், டி.வி. ஸ்விட்ச், அது போதாதென்று டி.வி.யின் வயர், மிக்ஸி, கிரைண்டர், என்றைக்கோ செத்துப்போன ரேடியோவின் ஸ்விட்ச் என்று ஒன்று விடாமல் தொட்டுப் பார்ப்பார். இடி இடித்தால் கேட்கவே வேண்டாம், வீட்டில் ஒரு வயர் சுவரில் நிற்காது. அம்மா குழம்பு தாளித்துக்கொண்டிருக்கும்போதே சமையலறை லைட்டை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். "இந்த மனுசன் என்னக் கட்டினதுக்கு ஒரு ஸ்விட்ச் போர்டக் கட்டியிருக்கலாம்" என்று அம்மா இருட்டிலிருந்து கத்துவாள்.

எனக்கு அந்த இருட்டு பிடிக்கும். டொக், டொக் என்று ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்து கடைசியில் நான் படுத்திருக்கும் அறையின் லைட் அணைந்தால், எல்லோரும் உள்ளே இருக்கிறோம், கதவு சாத்தியாயிற்று என்று அர்த்தம். அதற்குப் பிறகு பயப்பட ஒன்றும் இருக்காது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. "என்கூட வந்துடுப்பா" என்று கூப்பிட்டேன். "அங்க வந்து நான் இன்னா பண்ணப் போறேன்?" என்றார். நானே இங்கே வந்து என்ன பண்ணுகிறேன் என்று யாராவது கேட்டால், கார் பிரேக் கட்டைகளைச் சூடாக்கித் தேய்த்துப் பார்க்கும் ஒரு லேபில் காலை ஷிப்ட் வேலை பார்க்கிறேன் என்று மட்டும்தான் சொல்ல முடியும். அப்பா தனியாக முத்தாபுதுப்பேட்டையில், நான் தனியாக இங்கே. நடுவில் தினம் ஒரு போன். சாப்ட்டியா, சாப்ட்டேன், அங்க மழையா, இல்ல, சரி வெச்சிரு. ஐந்து நிமிஷம் தாண்டினால் இருவருக்குமே கூச்சமாக இருக்கும். குளியலறையில் அவர் வழுக்கி விழுந்தால் எனக்கு எப்போது தெரியும் என்பது மட்டும் எந்நேரமும் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டோம்.

போன ஜூலையில் அம்மாவின் இரண்டாம் வருஷப் பூசைக்கு ஊருக்குப் போனபோது, பெட்டியில் பாதி இடத்தை மின்சாரச் சாமான்கள் அடைத்துக்கொண்டிருந்தன. வைஃபையில் வேலை செய்யும் பல்புகள் நான்கு, பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் ஒன்று, கேமரா ஒன்று. என் ஜெர்மன் வீட்டில் அதே மாதிரி பல்பு ஒன்றை ஹாலில் மாட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாங்கினேன். இணைய லைன் போட வந்தவன் பாபு. எங்கள் தெருவுக்கு முதலில் கேபிள் டி.வி. கொடுத்தவன், இப்போது இன்டர்நெட் கொடுக்கிறான். ஏணியின் மேல் நின்றுகொண்டு ஊர் நியாயம் பேசுவான்.

"அக்கா, நைனாவுக்கு இன்னாத்துக்கு இத்தினி ஸ்பீடு? அது சீரியல்கூட பாக்காதே" என்றான்.

"எனக்காகத்தான் பாபு. அப்பா எப்படி இருக்காருன்னு அங்கேருந்து தெரியணும்ல" என்றேன்.

அப்பா கேமராவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, கண்ணு மாரி முழிக்குது?"

"கேமராப்பா. ஹால்ல மாட்டிட்டா நான் உன்னப் பாத்துக்கலாம்."

"குளிச்சிட்டுத் துண்டோட வருவேன், அத்த ஜெர்மனில பாக்கணுமா?" என்று அதைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார். அப்புறம் டப்பாவை மூடிக்கொண்டே, "பாக்கணும்னா நீ வா. வந்து பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஏணி மேல் இருந்த பாபு வயரை இழுத்தான். கேமரா டப்பா பீரோவுக்குள் போயிற்று. ஸ்பீக்கரிடம் அப்பா மூன்று நாள் மணி கேட்டுப் பார்த்தார். அது ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டது. நாலாம் நாள் அதன் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடிவிட்டார்.

மிஞ்சியது பல்புகள்தான். கிளம்புகிற நாளில், வாசலில் டாக்ஸி நின்றுகொண்டிருக்க, அவசர அவசரமாக என் ஆப்பையே என் கணக்கோடு அவர் போனில் ஏற்றினேன். முகப்பில் பெரிதாக ஒரு பட்டன் வைத்து, "எல்லாம் ஆஃப்" என்று பெயர் கொடுத்தேன். அப்பா அதை ஒரு தடவை அமுக்கினார். ஹால், சமையலறை, அறை, வராந்தா என்று வீடு மொத்தமும் ஒரே சமயத்தில் அணைந்தது. பட்டப்பகல்தான், இருந்தாலும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "பட்டறைல மெயின எறக்குன மாரி கீது" என்றார். அம்மா போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பாபு மாட்டின இந்த ரூட்டரை மட்டும் ஆஃப் பண்ணாதப்பா. எப்பவும் எரியணும்" என்றேன்.

"ராவெல்லாமா?"

"ராவெல்லாம்தான்."

"பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் "பாக்கலாம்" என்றால் முடியாது என்று பொருள். நான் ஜெர்மனிக்குத் திரும்பி வந்து இறங்கிய நாள் முதல் தினமும் ராத்திரி ரூட்டரின் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் படுத்தார். என் போனில் ஆவடி வீடு இணைப்பு இல்லாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஒரு மாசம் சண்டை போட்டு ஓய்ந்துபோனேன். பிறகு செப்டம்பரில் ஒரு நாள், யாரும் சொல்லாமல், அவராகவே வயரைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இங்கே அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அன்றோடு சாயங்காலம் என்ற ஒன்று இந்த ஊரில் செத்துப்போகும். மூன்று மணிக்கு வேலையிலிருந்து வருவேன், காபி போட்டுக் குடிப்பதற்குள் ஜன்னல் கறுத்துவிடும். ஹால் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்வேன். நவம்பரில்தான் கவனித்தேன், நாலரை மணி ஆனால் அந்த லைட் தானாக அணைந்தது. எழுந்து போய்ச் சுவர் ஸ்விட்ச்சை ஒரு தரம் அணைத்துப் போட்டால் எரிந்தது. மறுநாளும் நாலரைக்கு அணைந்தது. அதற்கு மறுநாளும். பல்பில் கோளாறு என்று நினைத்தேன், பிறகு வைஃபையில் கோளாறு என்று நினைத்தேன். இணையக் கம்பெனிக்குப் போன் செய்து இருபது நிமிஷம் சங்கீதம் கேட்ட பிறகு வந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்கள் விளக்கு தினமும் ஒரே நேரத்தில் அணைகிறது என்றால் அது கோளாறு இல்லை, ஒழுங்கு" என்றாள் அவள். அவள் சொன்னது ரொம்பச் சரி என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒரு வாரம் கழித்து ஆப்புக்குள் நோண்டிக்கொண்டிருந்தபோது, எந்த லைட்டை எப்போது எந்தப் போன் அணைத்தது என்று ஒரு பட்டியல் கிடைத்தது. நாலு முப்பத்தொன்று, ஹால் விளக்கு, அணைத்தது: அப்பா போன். நாலு முப்பது, அப்பா போன். நாலு முப்பத்திரண்டு, அப்பா போன். தலையில் அடித்துக்கொண்டேன். இங்கே நாலரை என்றால் அங்கே ஒன்பது. ஜெபமாலை முடிந்திருக்கும். டாக்ஸி அவசரத்தில் நான் செய்த வேலை இது. என் கணக்கில் என் ஜெர்மன் பல்பும் இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, அவர் பட்டனில் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறேன். கோடையில் அவர் அணைக்கிற நேரத்தில் இங்கே நல்ல வெளிச்சம், லைட்டே போட்டிருக்க மாட்டேன், அதனால் தெரியவில்லை. முத்தாபுதுப்பேட்டையில் அவர் மெயினை இறக்கினால் ஜெர்மனியில் என் ஹால் இருண்டது.

போன் செய்தேன். "அப்பா, அந்த ஆஃப் பட்டன் சரியா வேலை செய்யுதா?"

"ஜம்முனு கீதும்மா. தெனிக்கும் ஒம்போது மணிக்கு ஒரே அமுக்கு."

அதை அவர் சொன்ன விதத்தைக் கேட்டதும், அங்கே மழையா என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனை வைத்தேன். ஆப்பில் என் பல்பைத் தனியாகப் பிரிக்க இரண்டு நிமிஷம் போதும். நான் பிரிக்கவில்லை. காரணத்தை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் நான் வீட்டுக்குள் வந்தேனா, தூங்கினேனா, விழுந்து கிடக்கிறேனா என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை லேபில் "நல்ல வார இறுதி" என்று சொல்லிவிட்டு வந்தால், திங்கள்கிழமை "ஹாலோ" சொல்கிற வரைக்கும் என் குரலை நானே கேட்க மாட்டேன். அப்படிப்பட்ட வீட்டில் தினமும் ஒரு தடவை ஒருவர் வந்து லைட்டை அணைத்துவிட்டுப் போகிறார். தெரியாமல்தான் அணைக்கிறார். இருந்தாலும் அப்பாதானே. அந்த நாலரை மணிக்கு நான் எங்கே இருந்தாலும் ஹாலுக்கு வந்து உட்கார ஆரம்பித்தேன். அணையும். அவர் நன்றாக இருக்கிறார், கதவைச் சாத்திவிட்டார், படுக்கப் போகிறார். எழுந்து போய் லைட்டைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். கேமரா மாட்டியிருந்தால்கூட இவ்வளவு நிம்மதி கிடைத்திருக்காது.

இதே கட்டடத்தில் எதிர்ப்பக்கம் குடியிருக்கும் ஃப்ராவ் பெக்கர் எழுபது வயதைத் தாண்டிய அம்மாள். அவர் சமையலறை ஜன்னலிலிருந்து முற்றத்தைத் தாண்டி என் ஹால் தெரியும். ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "உங்கள் விளக்கு தினமும் நாலரைக்கு அணைந்து உடனே எரிகிறதே, வயரில் கோளாறா?"

"இல்லை. என் அப்பா அணைக்கிறார்."

"உங்கள் அப்பா உங்களுடன் இருக்கிறாரா?"

"இல்லை, அவர் இங்கே இல்லை."

"எவ்வளவு காலமாக?"

"பத்து வருஷமாக" என்றேன், பிரிந்திருப்பதைக் கேட்கிறார் என்று நினைத்து. ஃப்ராவ் பெக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டு "மைன் பைலைட்" என்றார். இழவு வீட்டில் மட்டும் சொல்கிற வார்த்தை அது. நான் திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். இந்த ஊர் மாடிப்படி விளக்குகள் மூன்று நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும், சரியாக அந்த நேரம் பார்த்து அணைந்தது. இருட்டில் அவர் மெதுவாக, "இதுவும் அவரா?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே ஓடிவிட்டேன். மறுநாள் என் வாசலில் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது. உயிரோடு இருக்கிற அப்பாவுக்கு மெழுகுவர்த்தியை ஏற்றுவதா, திருப்பிக் கொடுப்பதா என்று தெரியாமல் அலமாரியில் வைத்தேன்.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல். படுக்கையறையை விட்டு எழவில்லை. ஹால் லைட்டைப் போடவும் இல்லை. ஐந்தரை மணி வாக்கில் போன் அடித்தது. அப்பா. அங்கே அப்போது பத்து மணி, அவர் தூங்கியிருக்க வேண்டிய நேரம்.

"இன்னாம்மா, சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்பா. ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்க. பிரியாணி பண்ணோம்" என்றேன். இந்தப் பொய்யை நான் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஃப்ரெண்ட்ஸ் மாறுவார்கள், பிரியாணி மாறாது.

"சரி. லைட்டப் போட்டுக்கினு இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எல்லா லைட்டையும் அணைக்கச் சொல்கிற மனுஷன் போடச் சொல்கிறாரே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு காய்ச்சல். அதே வாரம் பாபுவிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, நைனாவண்ட கொஞ்சம் சொல்லுக்கா. லைன் கொஞ்சம் மக்கர் பண்ணா போதும், ஒம்போது மணிக்குள்ள வந்தாவணும்னு உசுர எடுக்குது. இடி இடிக்கசொல்லகூட ரூட்டரப் புடுங்க மாட்டேங்குது. இன்னாதான் பாக்குதோ அதுல." அப்பா யூடியூப் பார்க்கப் பழகிவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

டிசம்பரில் ஒரு நாள் நாலரைக்கு லைட் அணையவில்லை.

நாலே முக்கால் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பல்பு குத்துக்கல் மாதிரி நின்று எரிந்துகொண்டிருந்தது. ஆப்பைத் திறந்தேன், ஆவடி வீடு மொத்தமும் சாம்பல் நிறம். அப்பாவின் போன் ஸ்விட்ச் ஆஃப். பாபுவுக்குப் பதினோரு தடவை அடித்த பிறகு எடுத்தான். பின்னால் மழைச் சத்தத்தில் அவன் குரல் பாதிதான் கேட்டது. "காத்தாலேந்து கொட்டுது அக்கா. உங்க தெருவுல முட்டிக்கு மேல தண்ணி. கரண்ட் இல்ல, லைனும் அறுந்துட்சி. நான் குமணன்சாவடில மாட்டிக்கினு கீறேன். வெளிச்சம் வந்ததும் நைனாவப் பாத்துட்டு சொல்றேன்." அவ்வளவுதான், கட் ஆகிவிட்டது.

அந்த விளக்கை அணைக்க எனக்குக் கை வரவில்லை. நான் அணைத்தால், அவர் அணைக்கவில்லை என்பது உறுதியாகிவிடும் போல இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். படித்த பெண், லேபில் எல்லாவற்றையும் அளந்து பார்த்து எழுதுகிறவள், ஒரு பல்புக்குக் கீழே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஹாலில் தண்ணீர் எந்த உயரம் வரும், அவர் கட்டில் எந்த உயரம் என்று கணக்குப் போட்டேன். அவர் இருட்டில் ரவுண்ட்ஸ் போய் ஈரமான ஸ்விட்ச்சைத் தொடுவாரோ என்று நினைத்து மறுபடியும் அவர் போனுக்கு அடித்தேன். கேமராவைக் கட்டாயப்படுத்தி மாட்டியிருக்கலாம். ஊரிலேயே இருந்திருக்கலாம். பத்து வருஷமாக ஒத்திவைத்த அழுகையை அன்றைக்கு அழுதேன்.

காலையில் கதவு தட்டும் சத்தம். ஃப்ராவ் பெக்கர், கையில் சூப் பாத்திரத்தோடு. "நேற்று உங்கள் விளக்கு அணையவில்லை. இரவு முழுக்க எரிந்தது" என்றார்.

"அப்பா அணைக்கவில்லை. இந்தியாவில் வெள்ளம். போன் கிடைக்கவில்லை."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, "அப்படியானால் உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"தெரியவில்லை" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, சூப்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பகல் பதினொன்றரைக்குப் பாபுவின் போன் வரும் வரை அங்கிருந்து எழவில்லை.

"அக்கா, நைனா பத்திரமா கீது" என்றுதான் ஆரம்பித்தான், நல்ல பிள்ளை. "எதிர்த்த ஊட்டு மாடில குந்திகினு கீது. ஒண்ணுதான்க்கா, மடில ஒரு இட்லிக் குண்டான வெச்சிக்கினு யாராண்டயும் குடுக்க மாட்டேங்குது. தொறந்து பாத்தா உள்ள ரூட்டர். பாலித்தீன் கவர்ல சுத்தி வெச்சிக்கீது. பீரோல ஊட்டுப் பத்திரம் கீது, அத்த வுட்டுட்டு இத்தத் தூக்கினு வந்துக்கீது."

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். "அப்பா, ரூட்டரை எதுக்குப்பா தூக்கிட்டு வந்த?"

"தண்ணில போயிட்ச்சின்னா?"

"போனா வேற வாங்கிக்கலாம்ல."

"வாங்கறதுக்கு நாலு நாளாவும். அது வரிக்கும் உன் லைட்ட எப்பிடிப் பாக்கறது?"

எனக்குப் புரியவில்லை. "என் லைட்டா?"

"உன் லைட்டுதான். தெனிக்கும் ஒம்போது மணிக்கு அணைக்கிறேன். நீ திருப்பிப் போடுற. போட்டியானா சரி, புள்ள ஊட்ல கீதுன்னு நானும் படுத்துக்குவேன்."

"தெரிஞ்சேதான் அணைச்சியா?"

"மொதல்ல தெரியாது. ராவு அணைச்ச பல்பு ஒண்ணு காத்தால தானா எரியுது, பேய் பல்புன்னு நெனச்சேன். அப்பால கண்ணாடி போட்டுப் பாத்தா உன் பேரு போட்டுக்கீது." இருமினார். "செப்டம்பர்ல ஒரு நாளு காத்தால அஞ்சு மணிக்கு ரூட்டரப் போட்டுப் பாக்கறேன், உன் லைட்டு எரிஞ்சிக்கினு கீது. அங்க அப்ப நடு ராத்திரின்னு பாபுதான் சொன்னான். புள்ள தூங்கலன்னு தெரிஞ்சிது. அதுலேந்து ரூட்டரப் புடுங்கறது இல்ல."

"ஏன்பா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பிரிச்சி வெச்சிருவ. கேமரா மாட்டறேன்னு நீ கேட்டப்ப நான் வேணாம்னேன். அப்பால உன்ன நான் பாக்கணும்னு எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேக்கறது?"

அவரே தொடர்ந்து பேசினார். "அன்னிக்குப் பிரியாணின்ன. லைட்டே எரியல. இருட்டுல எப்பிடிம்மா நாலு பேரு குந்தி பிரியாணி துன்னுவாங்க?"

அவரிடம் அதற்குப் பிறகு நான் உண்மையைச் சொன்னேன். ஃப்ரெண்ட்ஸ் யாரும் இல்லை, காய்ச்சலில் படுத்திருந்தேன், பல ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் என்றேன். "தெரியும்" என்றார். வெகுநேரம் பேசினோம். பாபுவின் போனில் சார்ஜ் தீர்ந்துபோகும் வரைக்கும் பேசினோம். கூச்சமாக இல்லை. வைத்த பிறகு ஃப்ராவ் பெக்கரிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார். "பிறகு தேவைப்படும்போது தருகிறேன், அவசரமில்லை" என்றார்.

தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, பாபு கம்பம் ஏறி லைனைச் சேர்க்க மூன்று நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் நான் மூன்று மணிக்கே வந்து ஹால் லைட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஃப்ராவ் பெக்கரும் சமையலறை ஜன்னலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாலு இருபத்தைந்து. ஜெபமாலை முடிந்திருக்கும். நாலு முப்பது. ஈரம் காயாத ஹாலில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார். நாலு முப்பத்து மூன்றுக்கு லைட் அணைந்தது.

இருட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அறைகளுக்குள் டொக், டொக் என்று அணைந்துகொண்டே வந்து, கடைசியில் நான் படுத்திருக்கும் அறையும் அணைந்தபோது வருமே, அதே இருட்டு. எல்லோரும் உள்ளே இருக்கிறோம், கதவு சாத்தியாயிற்று. பத்து வருஷத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் எனக்குத் தூக்கம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அதற்குள்ளேயே இருந்துவிட்டால் போதும் என்று இருந்தது. ஆனால் நான் லைட்டைப் போட்டால்தான் அங்கே அவர் படுப்பார். எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போனேன். விரலுக்கு ஸ்விட்ச் அகப்பட்டது. போட்டேன்.